இங்கிலாந்தில் வயதுவந்தோர் பாதுகாப்பு: யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் தமிழ்ப் பெரியவர்கள் கூடும் இடங்களில் கடிதம் படித்துச் சொல்வது, கவுன்சிலுக்கு போன் போட்டுப் பேசித் தருவது போன்ற வேலைகளில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கேர் ஹோம், கேர் ஏஜென்சி, ஆஸ்பத்திரி, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை என்று விஷயம் வேறுவேறாக இருந்தாலும் சந்தேகங்கள் ஒன்றுபோலவே வருகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி: பாதுகாக்க வேண்டியவர்கள் பாதுகாக்காமல் விட்டால், அவர்களை யார் கேட்பது?

கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரே வாசலில் இல்லை. தவறான வாசலில் மாதக்கணக்கில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்துத்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். இது இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றியது. உயிருக்கு ஆபத்து என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 999ஐ அழையுங்கள்.

1. சேஃப்கார்டிங்னு கவுன்சில்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. எங்க மேல கேஸ் போட்டுட்டாங்களா?

இல்லை. சேஃப்கார்டிங் என்றால், தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவரைக் கொடுமையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் பாதுகாப்பது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2014ஆம் ஆண்டு கேர் ஆக்ட்டின் 42ஆம் பிரிவு, கவுன்சிலுக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. 18 வயது கடந்த ஒருவருக்குப் பராமரிப்போ உதவியோ தேவைப்படுகிறது, அவர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார் அல்லது ஆளாகும் அபாயம் இருக்கிறது, அந்தத் தேவைகள் காரணமாகத் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியவில்லை. இந்த மூன்றும் இருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். இது நீதிமன்ற வழக்கு அல்ல. என்ன நடந்தது, அவரைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பதற்கான விசாரணை.

கொடுமை என்றதும் நம்மவர்கள் அடியை மட்டும்தான் நினைக்கிறார்கள். பென்ஷன் பணத்தை எடுத்துக்கொள்வது, மருந்து கொடுக்காமல் விடுவது, ஓயாமல் மிரட்டுவது, பாலியல் தொல்லை, குடும்ப வன்முறை, நிறத்தையோ மதத்தையோ வைத்து நடத்தும் பாகுபாடு, ஒரு நிறுவனமே மோசமாக நடப்பது, ஒருவர் தன்னையே கவனிக்காமல் சீரழிவது, எல்லாமே இதில் அடங்கும்.

2. அம்மா ஊரிலயிருந்து விசிட் விசாவில வந்து நிக்கிறா. அவவுக்கும் இது பொருந்துமோ?

பொருந்தும். அந்த கவுன்சிலின் எல்லைக்குள் இருந்தால் போதும், நிரந்தரமாக வசிப்பவராக இருக்க வேண்டியதில்லை என்று 42ஆம் பிரிவே சொல்கிறது. விசா காரணமாகச் சில அரசு உதவிகள் கிடைக்காமல் போகலாம். அதற்காக, கொடுமை நடக்கிறதா என்று விசாரிக்கும் கடமை கவுன்சிலுக்கு இல்லாமல் போகாது.

3. அப்பாவை கேர் ஹோமில விட்டிருக்கிறம். காசு முழுக்க நாங்கள்தான் கட்டுறம். அப்பவும் கவுன்சில் பாக்குமோ?

பார்க்க வேண்டும். யார் பணம் கட்டுகிறார் என்பது இதில் கணக்கே இல்லை. "நீங்கள் செல்ஃப் ஃபண்டர், ஹோம் மேனேஜரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று யாராவது போனில் சொன்னால், முதல் கேள்வியில் சொன்ன மூன்று விஷயங்களையும் எழுதி, "42ஆம் பிரிவின்படி இதைப் பதிவு செய்யுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள்.

4. புகார் சொன்னா அது எங்க போகும்? யார் விசாரிப்பாங்க?

கவுன்சிலின் வயதுவந்தோர் சமூக நலப் பிரிவுக்குப் போகும். பல ஊர்களில் கவுன்சில், போலீஸ், சுகாதாரத் துறை ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து வரும் தகவல்களைப் பிரிக்கும் ‘மேஷ்’ என்ற குழு இருக்கும். வரும் எல்லாமே முழு விசாரணையாக மாறாது. 2023-24இல் இங்கிலாந்து முழுக்க ஆறு லட்சத்துக்கும் மேல் தகவல்கள் வந்தன. அவற்றில் சிறுபகுதிதான் 42ஆம் பிரிவு விசாரணையானது. அதனால் "விசாரணை தேவையில்லை" என்று பதில் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று முக்கியம். விசாரணையைக் கவுன்சிலே செய்யலாம், வேறு அமைப்பைச் செய்யவும் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் நடந்ததை ஆஸ்பத்திரியே விசாரிப்பதும், ஏஜென்சியில் நடந்ததை அதன் மேனேஜர் விசாரிப்பதும் அடிக்கடி நடக்கிறது. அப்படிக் கொடுத்துவிட்டாலும் பொறுப்பு கவுன்சிலிடம்தான் இருக்கிறது. வந்த அறிக்கை சரியாக இல்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டியதும் கவுன்சில்தான். "ஏஜென்சி விசாரித்துவிட்டது, முடிந்தது" என்று சொன்னால் "அந்த அறிக்கையைப் பார்த்து நீங்கள் என்ன முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். நான் அதிகம் எழுதிக் கொடுக்கும் வாக்கியம் இதுதான்.

5. ஒரு விஷயத்துக்கு எதுக்கு இத்தனை பேர்? போலீஸ், டாக்டர், கவுன்சில், ஹவுசிங். யாராவது ஒருத்தர் பார்த்தா போதாதா?

இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் முழுதாகப் பார்க்காததால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். 2006இல் கார்ன்வாலில், கற்றல் குறைபாடு உள்ள ஒருவரின் வீட்டுக்குள் சிலர் புகுந்து, அவர் பணத்தையும் வீட்டையும் பிடித்துக்கொண்டு, சித்திரவதை செய்து, கடைசியில் உயரமான ரயில் பாலத்திலிருந்து அவர் விழுந்து இறந்தார். போலீஸ், மருத்துவத் துறை, கவுன்சில், வீடு கொடுத்த அமைப்பு எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஒவ்வொருவரும் தங்களிடம் வந்ததைத் தனிச் சம்பவமாகப் பார்த்து மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு வந்த மறுஆய்வு இதைத்தான் விரிவாகச் சொன்னது.

பிரிஸ்டல் அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இன்னொன்று. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளவர்கள் அங்கே இருந்தார்கள். 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவில் எடுத்ததைக் காட்டியபோதுதான் நாடு அதிர்ந்தது. ஆனால் 2008 ஜனவரிக்கும் 2011 மே மாதத்துக்கும் இடையில் அந்த ஒரே இடத்தைப் பற்றி கவுன்சிலுக்கு 40 எச்சரிக்கைத் தகவல்கள் போயிருந்தன. போலீசுக்கும் தகவல் போயிருந்தது. நோயாளிகள் காயத்தோடு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய் வந்திருந்தார்கள்.

அங்கே வேலை பார்த்த ஒரு மூத்த நர்ஸ் நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு அமைப்புக்கும் எழுதியும் யாரும் எழுந்திருக்கவில்லை. இத்தனையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்திருந்தால் கேமராவே தேவைப்பட்டிருக்காது. ஒன்றாக வேலை செய்ய வேண்டும் என்பதைச் சட்டமாக்கியதற்கு இப்படிப்பட்ட சம்பவங்கள்தான் பின்னணி.

6. போர்டுன்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?

சேஃப்கார்டிங் அடல்ட்ஸ் போர்டு. இனி வாரியம் என்று சொல்கிறேன். கேர் ஆக்ட்டின் 43ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கவுன்சில் பகுதிக்கும் ஒன்று கட்டாயம். சிட்டி ஆஃப் லண்டனும் ஹாக்னியும் போல இரண்டு பகுதிகள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. கவுன்சில், போலீஸ், அந்தப் பகுதியின் என்ஹெச்எஸ் பணத்தைத் திட்டமிடும் ஐசிபி, இந்த மூன்றும் உறுப்பினர்களாக இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் தீயணைப்புத் துறை, ஆஸ்பத்திரிகள், ஹவுசிங், தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்திருக்கும்.

2000ஆம் ஆண்டிலேயே இப்படிக் கூடி வேலை செய்யச் சொல்லும் அரசு வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் அது வழிகாட்டுதல்தான். 2015இல்தான் இது சட்டப்படி கட்டாயமானது. வாரியம் உங்கள் அம்மாவின் வழக்கைக் கையில் எடுத்து நடத்தாது. அந்த வேலை கவுன்சிலுடையது. அம்மா போன்றவர்களைக் காப்பாற்ற வேண்டிய எல்லா அமைப்புகளும் ஒழுங்காகச் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதும், செய்யாவிட்டால் கேள்வி கேட்பதும்தான் வாரியத்தின் வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் வாரியத்துக்கு உருக்கமாகக் கடிதம் எழுதி, பதில் வராமல் மனம் உடைந்தவர்கள் நிறைய.

7. அந்த போர்டுக்குத் தலைவரை கவுன்சிலே போடுதாம். அப்புறம் கவுன்சிலை அவர் எப்படிக் கேள்வி கேட்பார்?

நியாயமான சந்தேகம். மற்ற உறுப்பினர்களைக் கலந்தாலோசித்துத் தலைவரை நியமிப்பது கவுன்சில்தான். உறுப்பு அமைப்புகள் எதிலும் வேலை செய்யாத ஒருவரைத் தலைவராகப் போடுவதைப் பரிசீலிக்கும்படி அரசு வழிகாட்டுதல் சொல்கிறது; பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பகுதியில் யார் தலைவர், அவர் முன்பு எங்கே வேலை பார்த்தவர் என்பது வாரியத்தின் இணையதளத்தில் இருக்கும். பாருங்கள்.

8. சரி, போலீசோ ஆஸ்பத்திரியோ ஒத்துழைக்கலைன்னா போர்டு என்ன பண்ணும்? ஃபைன் போடுமா?

போடாது. அபராதம் விதிக்கவோ, உத்தரவு போடவோ, யாரையும் வேலையிலிருந்து எடுக்கவோ வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. இதைக் கேட்டதும் பலர் "அப்ப இது சும்மா" என்று எழுந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

வாரியத்தின் கையில் இருப்பவை வேறு. 45ஆம் பிரிவின்படி, தன் வேலைக்குத் தேவையான தகவலைத் தரச் சொல்லிக் கேட்கலாம். சட்டத்தின் நிபந்தனைகள் பொருந்தினால் கேட்கப்பட்டவர் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு வழக்கில் எங்கே தவறியது என்று மறுஆய்வு ஒன்று நடத்தினால் உறுப்பினர்கள் எல்லாரும் ஒத்துழைக்கக் கடமைப்பட்டவர்கள். இவற்றோடு ஆண்டறிக்கை. ஒவ்வொரு உறுப்பு அமைப்பும் அந்த ஆண்டில் என்ன செய்தது என்று அதில் எழுதியாக வேண்டும். அந்த அறிக்கை கவுன்சிலின் தலைமை நிர்வாகிக்கும் தலைவருக்கும், உள்ளூர்க் காவல் துறையை மேற்பார்க்கும் அமைப்புக்கும், நோயாளிகளின் குரலான ஹெல்த்வாட்சுக்கும், உள்ளூர்ச் சுகாதாரத்தையும் சமூக நலத்தையும் சேர்த்துத் திட்டமிடும் ஹெல்த் அண்ட் வெல்பீயிங் போர்டின் தலைவருக்கும் போக வேண்டும் என்று சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. போலீஸ் கூட்டத்துக்கே வரவில்லை என்றால், போலீசைக் கேள்வி கேட்கும் அதிகாரம் உள்ளவர் கைக்கு அந்தச் செய்தி போகும்படி வைத்திருக்கிறார்கள். தண்டிப்பவர் வேறு இடத்தில் இருக்கிறார். அவர் முன்னால் உண்மையை எழுத்தில் வைக்கும் கடமை வாரியத்துக்கு.

இது போதுமா என்றால், வாரியம் துணிச்சலாக எழுதினால் போதும். வழவழவென்று எழுதினால் போதாது.

9. அந்த ஆண்டறிக்கையை நாங்க படிச்சு என்ன ஆகப்போகுது?

நிறைய ஆகும். பளபளப்பான முதல் பக்கங்களைத் தள்ளிவிடுங்கள். அந்த ஆண்டு முடிந்த மறுஆய்வுகள் என்ன சொன்னன, அதன்படி வாரியம் என்ன செய்தது என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு பரிந்துரையைச் செயல்படுத்துவதில்லை என்று முடிவெடுத்திருந்தால் அதற்கான காரணத்தையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்பது சட்டம். போன ஆண்டு அறிக்கையையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். அதே "பணியாளர்களுக்குப் பயிற்சி தேவை" என்ற வரி இரண்டு ஆண்டும் இருக்கிறதா? அதுதான் உங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

நம் மொழி பேசுபவர்கள் அதிகம் இருக்கும் பகுதிகளில் இன்னொன்றையும் பாருங்கள்: எந்தச் சமூகத்திலிருந்து எத்தனை தகவல்கள் வந்தன என்ற விவரம். அதில் தெற்காசியர்கள் மிகக் குறைவாக இருந்தால், நம் வீடுகளில் கொடுமை இல்லை என்று அர்த்தமில்லை. நாம் சொல்லவில்லை, அவர்கள் நம்மிடம் வரவில்லை, இரண்டில் ஒன்றாக இருக்கலாம். வாரியம் தன் திட்டத்தைத் தயாரிக்கும்போது உள்ளூர் மக்களை ஈடுபடுத்த வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் முதியோர் சங்கங்களும் "எங்களையும் கேளுங்கள்" என்று எழுதிப் போட யார் அனுமதியும் தேவையில்லை.

10. எஸ்ஏஆர் எஸ்ஏஆர்னு சொல்றாங்களே, அது எப்ப வரும்?

சேஃப்கார்டிங் அடல்ட்ஸ் ரிவ்யூ என்பதன் சுருக்கம். வாரியம் நடத்தும் மறுஆய்வு என்று நான் சொல்லி வந்தது இதைத்தான்; 2015க்கு முன் நடந்த மறுஆய்வுகள் இதன் பழைய வடிவம். சட்டத்தில் 44ஆம் பிரிவு. பராமரிப்புத் தேவை உள்ள ஒருவர் இறந்துவிட்டார், கொடுமையோ புறக்கணிப்போ காரணம் என்று வாரியம் அறிகிறது அல்லது சந்தேகிக்கிறது. அல்லது அவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் கடுமையான கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும், அமைப்புகள் சேர்ந்து வேலை செய்த விதத்தில் கவலைப்பட நியாயமான காரணம் இருந்தால் வாரியம் எஸ்ஏஆர் நடத்தியே தீர வேண்டும். மற்ற வழக்குகளிலும் விரும்பினால் நடத்தலாம்.

ஆரம்பித்த ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது வழிகாட்டுதல். நடைமுறையில் போலீஸ் வழக்கு, மரணக் காரணத்தை ஆராயும் அதிகாரியான கொரோனரின் விசாரணை என்று இழுத்துக்கொண்டு போவதுண்டு. குடும்பத்தினர் பங்கெடுக்க அழைக்கப்பட வேண்டும். அழைப்பு வரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

எதைப் பற்றிய எஸ்ஏஆர்கள் அதிகம் தெரியுமா? 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை முடிந்த 231 மறுஆய்வுகளைச் சேர்த்துப் படித்த தேசிய ஆய்வில், அதிகம் இருந்தது ஒருவர் தன்னைத் தானே கவனிக்காமல் சீரழிந்த வழக்குகள். மனைவி போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்கும் நம் பெரியப்பாக்களை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தேன்.

11. மாமியார் கேர் ஹோம்ல படுக்கைப் புண் வந்து, முத்திப் போய் இறந்துட்டாங்க. நான் எஸ்ஏஆர் கேக்கணுமா, போலீஸா, கொரோனரா?

ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. எப்படி இறந்தார் என்பதற்குக் கொரோனர். மரணச் சான்றிதழ் எழுதப்படும் முன்பே, அதாவது உடனடியாக, உங்கள் சந்தேகத்தைக் கொரோனர் அலுவலகத்தில் சொல்லுங்கள். விசாரணை நடந்தால் குடும்பத்தார் கேள்வி கேட்கலாம். இதேபோல இன்னொருவர் இறக்கக்கூடும் என்று கொரோனர் கவலைப்பட்டால், சம்பந்தப்பட்ட அமைப்புக்கு எதிர்கால மரணத் தடுப்பு அறிக்கை அனுப்புவார். அந்த அமைப்பு 56 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

குற்றம் நடந்ததா என்பதற்குப் போலீஸ். தன் பராமரிப்பில் இருப்பவரை வேண்டுமென்றே புறக்கணிப்பது, 2015 முதல் தனிக் குற்றம். ஊழியர் மீதும் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட முடியும். அந்த ஹோம் தொடர்ந்து நடக்கத் தகுதியானதா என்பதற்கு, கேர் ஹோம்களையும் ஆஸ்பத்திரிகளையும் ஆய்வு செய்து மதிப்பிடும் கண்காணிப்பு அமைப்பான சிக்யூசி. அமைப்புகள் சேர்ந்து எங்கே கோட்டைவிட்டன என்பதற்கு எஸ்ஏஆர். குடும்ப டாக்டரான ஜிபி பார்த்தாரா, டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் வந்தாரா, ஆஸ்பத்திரி சரியான குறிப்போடு அனுப்பியதா என்பதெல்லாம் இதில்தான் வரும். எஸ்ஏஆர் வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் வாரியத்துக்கு எழுதிக் கேட்கலாம். பல வாரியங்களின் இணையதளத்தில் அதற்கான படிவமே இருக்கிறது.

12. எஸ்ஏஆர் அறிக்கை வந்திட்டுது. ஒருத்தற்ற பெயரும் இல்லை, ஒருத்தருக்கும் தண்டனை இல்லை. பிறகென்னத்துக்கு இது?

கோபம் எனக்குப் புரிகிறது. தனிமனிதரைக் குற்றவாளி ஆக்குவது எஸ்ஏஆரின் வேலை அல்ல; பாடம் கற்பதுதான் நோக்கம் என்று சட்டமே வரையறுத்துவிட்டது. தண்டனை வேறு வழியில் வர வேண்டும். விண்டர்போர்ன் வியூவில் மறுஆய்வு அறிக்கை 2012 ஆகஸ்ட்டில் வந்தது; அது பெரும்பாலும் அமைப்புகளைப் பற்றியது. 11 ஊழியர்களுக்கு அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அவர்களில் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். இரண்டும் தனித்தனிப் பாதை.

தண்டனை இல்லை என்பதற்காக எஸ்ஏஆருக்குப் பல் இல்லை என்று ஒதுக்காதீர்கள். நார்ஃபோக்கில் காஸ்டன் பார்க் என்ற தனியார் மருத்துவமனையில் 2018க்கும் 2020க்கும் இடையில் கற்றல் குறைபாடு உள்ள மூன்று பேர் இறந்தார்கள், மூவருமே முப்பதுகளில் இருந்தவர்கள். 2021 செப்டம்பரில் அந்த வாரியம் வெளியிட்ட மறுஆய்வைப் படித்தால், குடும்பங்கள் என்ன சொன்னார்கள், அது எப்படிக் கேட்கப்படாமல் போனது என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. பெற்றோரின் சொல் அதிகாரபூர்வ ஆவணத்தில் ஏறிவிட்டால் அதன் பிறகு யாரும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. முழு அறிக்கையையும் வெளியிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கண்டறிந்தவற்றை ஆண்டறிக்கையில் மறைக்க முடியாது.

13. எஸ்ஏஆர் தேவையில்லைன்னு போர்டு சொல்லிட்டா?

முடிவை எந்த அடிப்படையில் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பத்தாவது பதிலில் உள்ள நிபந்தனைகளில் எது பொருந்தவில்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும். பல வாரியங்களில் மறுபரிசீலனைக்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கும் மேல் நீதிமன்றத்தில் ஜுடிஷியல் ரிவ்யூ, அதாவது முடிவைச் சட்டப்படி எடுத்தார்களா என்று நீதிபதி பார்ப்பது. அதற்கு அதிகபட்சம் மூன்று மாதம்தான், அதற்குள்ளும் தாமதமின்றிப் போக வேண்டும். அதனால் வக்கீலைப் பார்ப்பதாக இருந்தால் மறுப்புக் கடிதம் வந்த வாரமே பாருங்கள்.

14. அந்த ஹோமுக்கு சிக்யூசி ‘குட்’ குடுத்திருந்துதே. அதைப் பார்த்துத்தானே சேர்த்தோம்!

‘குட்’ என்பது ஆய்வாளர்கள் வந்த அன்று அவர்கள் கண்டது. டரம் பகுதியில் வோர்ல்டன் ஹால் என்ற இடமும் ‘குட்’ என்றே மதிப்பிடப்பட்டிருந்தது. 2019 மே மாதம் மறுபடியும் பனோரமாதான் அங்கே நடந்த கொடுமையைக் காட்டியது. அதனால் மதிப்பீட்டைப் பார்க்கும்போது அதன் தேதியையும் பாருங்கள். பல ஆண்டு பழையது என்றால் அதற்கேற்ற எடைதான் கொடுக்க வேண்டும்.

சிக்யூசி உங்கள் தனிப் புகாரை எடுத்துத் தீர்த்துவைக்காது. ஆனால் நீங்கள் சொல்வதை வைத்து முன்கூட்டியே ஆய்வுக்குப் போகலாம், நிபந்தனை போடலாம், பதிவையே ரத்து செய்யலாம். இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 2023 முதல் கவுன்சில்களின் சமூக நலப் பணிகளையும் சிக்யூசி மதிப்பிடுகிறது. சேஃப்கார்டிங்கும் அதில் ஒன்று. ஹோமுக்குப் போலவே நான்கு படி மதிப்பீடுதான். உங்கள் கவுன்சிலின் அறிக்கை வந்திருக்கிறதா என்று தேடிப் படியுங்கள்.

15. கவுன்சிலே தப்புப் பண்ணிச்சுன்னா? விசாரிக்கிறதும் அவங்கதானே!

முதலில் கவுன்சிலின் சமூக நலப் பிரிவிலேயே முறையான புகார். பதில் திருப்தியில்லை அல்லது நியாயமான காலத்தில் வரவில்லை என்றால், லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஓம்புட்ஸ்மன் என்ற சுதந்திரமான குறைதீர்ப்பாளர். விஷயம் உங்களுக்குத் தெரிய வந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும், கட்டணம் இல்லை. கொடுமை நடந்ததா இல்லையா என்று ஓம்புட்ஸ்மன் தீர்ப்புச் சொல்லமாட்டார். கவுன்சில் விசாரித்த விதம் சரியா என்று பார்ப்பார். தனியார் கேர் ஹோம், கேர் ஏஜென்சி மீதான புகாரையும் அவர் எடுப்பார், நீங்களே பணம் கட்டினாலும். என்ஹெச்எஸ் மீது புகார் என்றால் அதற்குப் பார்லிமென்டரி அண்ட் ஹெல்த் சர்வீஸ் ஓம்புட்ஸ்மன். போலீஸ் மீது என்றால் முதலில் அந்தப் போலீஸ் படையிடமே. கடுமையான விஷயங்கள், போலீஸ் மீதான புகார்களைப் பார்க்கும் தனி அமைப்பான ஐஓபிசிக்குப் போகும்.

இதோடு உங்கள் கவுன்சிலரையும் விடாதீர்கள். கவுன்சிலுக்குள் ஸ்க்ரூட்டினி கமிட்டி இருக்கிறது, அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் அதன் வேலை. வாரியத்தின் ஆண்டறிக்கையும் பல இடங்களில் அங்கே வருகிறது. தேர்தல் நேரத்தில் நம் கோயில் வாசலுக்கு வந்து வணக்கம் சொல்லும் கவுன்சிலரிடம், மற்ற நாளில் இதைக் கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

16. கேட்டால் எல்லாரும் ‘கான்ஃபிடென்ஷியல்’ எண்டு சொல்லுகினம்.

இரண்டு விஷயம் இங்கே குழம்புகிறது. உங்களிடம் சொல்ல மறுப்பது ஒன்று, அமைப்புகள் தங்களுக்குள் பகிர மறுப்பது வேறொன்று. அப்பாவைப் பற்றிய தகவலை அவர் சம்மதமில்லாமல் மகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது பல நேரம் சரியே. அவருக்குச் சம்மதம் என்றால் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள்.

ஆனால் ஆபத்தில் இருப்பவரைக் காக்க ஜிபி கவுன்சிலிடம் பேசாமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகாது. நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமை எவ்வளவு முக்கியமோ, அவர் நன்மைக்காகத் தகவலைப் பகிரும் கடமையும் அவ்வளவு முக்கியம் என்பது என்ஹெச்எஸ் பின்பற்றும் கால்டிகாட் கொள்கைகளில் ஒன்று. வாரியமே கேட்டால் என்ன ஆகும் என்று எட்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன்.

17. தம்பிதான் அப்பாவோட பென்ஷனை எடுத்துக்கறான். அப்பாவோ ‘விடும்மா, அவன் என் புள்ளை’ங்கறார். நான் சொல்லலாமா?

சொல்லலாம். சொன்ன பிறகு என்ன செய்வது என்பதில் அப்பாவின் விருப்பத்துக்குப் பெரிய இடம் உண்டு. புரிந்து முடிவெடுக்கும் திறன் இருந்தால், மற்றவர்களுக்குத் தவறாகத் தெரியும் முடிவையும் எடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. 2005ஆம் ஆண்டு மென்டல் கப்பாசிட்டி ஆக்ட் அதைத்தான் சொல்கிறது. அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டே விசாரணை நடக்க வேண்டும்.

ஆனால் "விடு" என்ற சொல் பயத்தில் வருகிறதா என்று சோஷியல் ஒர்க்கர் பார்க்க வேண்டும். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது கேட்ட பதிலுக்கு மதிப்பில்லை; தனியாகப் பார்க்கும்படி கேளுங்கள். அப்பாவுக்கு மறதி நோய் முற்றி, அவர் சார்பில் முடிவெடுக்கும் சட்ட அதிகாரமான பவர் ஆஃப் அட்டர்னியைத் தம்பி வைத்திருந்தால், ஆஃபீஸ் ஆஃப் த பப்ளிக் கார்டியனுக்கும் எழுதலாம். அட்டர்னி பணத்தை எப்படிக் கையாளுகிறார் என்று விசாரிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

18. விசாரிக்க வந்தவங்க மருமகளையே மொழிபெயர்க்கச் சொன்னாங்க. அத்தை யாரைப் பத்திச் சொல்ல வேண்டியிருந்துதோ, அவளையே!

அந்தச் சந்திப்பை மறுபடி நடத்தச் சொல்லி எழுதுங்கள். சேஃப்கார்டிங் விசாரணையில் வீட்டு ஆளை மொழிபெயர்ப்பாளராக வைப்பது தவறான நடைமுறை. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். இலங்கைத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். பதற்றத்தில் இருக்கும் வயதானவருக்கு அது பெரிய வித்தியாசம். அதோடு, விசாரணையைப் பின்தொடரவோ தன் கருத்தைச் சொல்லவோ அத்தைக்கு மிகவும் சிரமம் என்றால், அவர் பக்கம் நிற்கப் பொருத்தமான ஒருவரும் இல்லை என்றால், 68ஆம் பிரிவின்படி சுதந்திரமான அட்வகேட் (வக்கீல் அல்ல, அவர் கருத்தைச் சொல்ல உதவுபவர்) ஒருவரைக் கவுன்சில் நியமிக்க வேண்டும். கேட்காமல் தானாக வருவது அபூர்வம்.

19. நான் கேர் ஒர்க்கர். ஸ்பான்சர் விசா. ஹோம்ல நடக்கறதைச் சொன்னா வேலையும் போகும், விசாவும் போகும். என்ன செய்யறது?

இந்தக் கேள்விக்கு எளிதான பதில் இல்லை. ஐந்தாவது பதிலில் சொன்ன நர்ஸ் போல உள்ளே இருப்பவர் வாய் திறந்தால்தான் பல கொடுமைகள் வெளியே வருகின்றன. அதே நேரம், உங்கள் பயமும் உண்மையானது. வேலை போய் விசாவைச் சுருக்கினால் ஹோம் ஆபீஸ் பொதுவாகக் கொடுப்பது 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும்.

பாதுகாப்பு என்ன? பொது நலனுக்காக உண்மையை வெளியே சொன்ன ஊழியரை அதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அது பொருந்தும். சிக்யூசியிடம் சொல்வதும் அந்தப் பாதுகாப்புக்குள் வரும். பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். வாய் திறக்கும் முன் ‘ப்ரொடெக்ட்’ என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச ஆலோசனையைப் பெறுங்கள். பார்த்ததைத் தேதி, நேரத்தோடு உங்கள் குறிப்பில் எழுதி வையுங்கள். ஆனால் குடியிருப்பவர்களின் மருத்துவக் கோப்புகளைப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

20. ஸ்காட்லாந்தில அக்கா இருக்கிறா. அங்கயும் இதே சட்டமோ?

இல்லை. ஸ்காட்லாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், வாரியத்துக்குப் பதிலாக அடல்ட் ப்ரொடெக்ஷன் கமிட்டிகள். வேல்ஸில் தனிச் சட்டம், பிராந்திய வாரியங்கள். பிரிவு எண்களை இங்கிருந்து நகலெடுத்து அங்கே எழுத வேண்டாம்.

21. அண்ணனை எங்க லண்டன் கவுன்சில் கென்ட்ல ஒரு ஹோம்ல வெச்சிருக்கு. அங்க பிரச்சினை. ரெண்டு கவுன்சிலும் ‘அவங்களைக் கேளுங்க’ங்குது.

விண்டர்போர்ன் வியூவிலும் காஸ்டன் பார்க்கிலும் இருந்தவர்களில் பலர் இப்படித் தொலைவிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். இரண்டு கவுன்சில்களுக்கு நடுவில்தான் மனிதர்கள் காணாமல் போகிறார்கள், அதனால் இதை விடாதீர்கள். 42ஆம் பிரிவு ‘எல்லைக்குள் இருப்பவர்’ என்று சொல்வதால், விசாரணைக் கடமை கென்ட்டுடையது. அண்ணனை அங்கே வைத்து, பணம் கட்டி, அவர் நலமாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு உங்கள் லண்டன் கவுன்சிலுடையது. ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது.

ஒரே மின்னஞ்சலை இரண்டு கவுன்சிலின் சேஃப்கார்டிங் முகவரிக்கும் சேர்த்து அனுப்புங்கள், யாருக்கு அனுப்பினோம் என்பது இருவருக்கும் தெரியும்படி. கென்ட்டிடம் "விசாரணை தொடங்கியதா, யார் நடத்துகிறார்?" என்றும், லண்டனிடம் "அண்ணனை நேரில் பார்க்க யார், எந்தத் தேதியில் போகிறார்?" என்றும் கேளுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் அதே மின்னஞ்சலை இரண்டு பகுதி வாரியங்களுக்கும் சிக்யூசிக்கும் நகலோடு மறுபடி அனுப்புங்கள். அண்ணனுக்கு இன்று ஆபத்து என்றால் மின்னஞ்சலுக்குக் காத்திருக்க வேண்டாம். போனில் சொல்லி, பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.